மண்ணின் சுவையா, மாந்தர் சுவையா?
ஸ்காட்லாந்துத் தீவு விஸ்கியின் வரலாறு

ஊர்ப்பெயரோடு சேர்த்து வழங்கப்பெறும் பொருள்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. பண்ணுருட்டிப் பலா என்கிறோம்; சேலத்து மாம்பழம் என்கிறோம். அவ்வாறு சொல்லும்போதே, இப்பொருளின் இனிமை அம்மண்ணின் இனிமை என்னும் கருத்தையும் உடன் ஏற்றுக்கொள்கிறோம். மாவும் பலாவும் மண்ணில் வேரூன்றி வளர்வன. ஆதலின் அக்கருத்தில் பிழை காண்பதற்கில்லை. ஆனால், மாந்தர் பலரின் கைபட்டு, நெருப்பு, செம்பு, மரம் என்னும் பல நிலைகளைக் கடந்து உருவாகும் ஒரு பொருளுக்கும் ஊரின் சுவை உண்டு என்று கூறினால், அதனை அப்படியே நம்பலாமா?

இவ்வினாவுக்கு விடை தேட ஏற்ற இடம் ஸ்காட்லாந்தின் தீவுகள். அந்நாட்டின் மேற்கிலும் வடக்கிலும் உள்ள ஐலா, ஸ்கை, ஜூரா, மல், ஆர்க்னி முதலிய தீவுகளில் வடிக்கப்பெறும் விஸ்கிக்குத் தனிச்சுவை உண்டு என்பது பரவலான பேச்சு. தீவு விஸ்கி என்றால் புகை மணம் என்றே பலரும் எண்ணுவர். எனினும், ஐலாத் தீவின் தென்கரையில் வடிக்கப்பெறும் லப்ராய்க்கையும், அதே தீவின் வடகிழக்குக் கரையில் வடிக்கப்பெறும் புன்னஹாவனையும் அடுத்தடுத்து முகர்ந்து பார்ப்பவர் திகைப்பர். முன்னதில் புகையும் தாரும் மருத்துவமனை நெடியும் எழும். பின்னதன் வழக்கமான வகையில் புகையைத் தேடித்தான் காணவேண்டும். கொட்டைப் பருப்பும் உலர்ந்த பழமும் போன்ற மணமே அதில் மிகும். தீவு ஒன்று, மழை ஒன்று, கடற்காற்று ஒன்று, சுவையோ இரண்டு. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது?

குடியைப் போற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு சிறு தீவின் மக்கள், அவர்கள் எரித்த எரிபொருள், அவர்களை ஆண்டோர் விதித்த வரி, அவர்கள் பொருளை வாங்கிய வணிகர் ஆகிய எல்லாம் ஒரு சுவைக்குள் எவ்வாறு பதிந்து கிடக்கின்றன என்பதை அறிவதே நோக்கம். ஏடுகளையும் கல்வெட்டுகளையும் போலச் சுவையும் வரலாற்றுச் சான்றாகக்கூடும்.

பெயரும் பொருளும்

விஸ்கி என்னும் சொல் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் உள்ள 'உஷ்கெ பாஹா' என்னும் தொடரின் சிதைவு. அதன் பொருள் 'உயிர்நீர்' என்பது. இலத்தீன் மொழியில் 'அக்வா வீட்டே' என வழங்கிய பெயரின் மொழிபெயர்ப்பே அது. பெயரிலிருந்தே இது முதலில் மருந்தாகக் கருதப்பட்டது என ஊகிக்கலாம்.

நம் பழம் பாடல்களில் பயிலும் தேறல் என்னும் சொல்லை இதற்கு வழங்கலாமோ எனத் தமிழாசிரியர் சிலர் எண்ணக்கூடும். தேறல் என்பது புளித்துத் தெளிந்தது. தெளிவு பற்றி வந்த பெயர் அது. விஸ்கியோ, புளித்ததைக் காய்ச்சி, ஆவியாக்கி, அவ்வாவியைக் குளிர்வித்து மீண்டும் நீர்மமாக்கிப் பெறுவது. இரண்டும் வேறு வேறு தொழில்கள். ஆதலின் விஸ்கி என்றே இங்கு வழங்குவோம்.

செய்முறையைச் சுருங்கக் கூறுவோம். வாற்கோதுமை என்னும் பார்லியை நீரில் ஊறவைத்து முளைகட்டச் செய்வர். முளை சிறிது வளர்ந்ததும் சூளையில் உலர்த்தி வளர்ச்சியை நிறுத்துவர். உலர்ந்த முளைதானியத்தை அரைத்து, வெந்நீரில் கரைத்து, இனிப்பு நீரை வடித்தெடுத்து, நொதி சேர்த்துப் புளிக்கவைப்பர். புளித்த நீரைச் செம்பாலான வடிகலங்களில் இருமுறை காய்ச்சி வடிப்பர். வடித்ததை ஓக் மரப் பீப்பாய்களில் இட்டுக் குறைந்தது மூன்றாண்டு வைத்திருப்பர். முழுவதும் முளைகட்டிய பார்லியிலிருந்து ஒரே வடிசாலையில் வடிக்கப்பெற்றது 'சிங்கிள் மால்ட்' எனப்படும். பல வடிசாலைகளின் மால்ட் விஸ்கியைப் பிற தானிய விஸ்கியோடு கலந்தது கலவை விஸ்கி. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க. தீவுகளின் வாழ்வும் தாழ்வும் இதனையொட்டியே அமைந்தன.

மரமில்லாத் தீவு

ஐலாத் தீவு ஏறத்தாழ அறுநூறு சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. சிங்கப்பூர்த் தீவினும் சிறிது குறைந்தது எனலாம். இன்று அங்கு வாழ்வோர் மூவாயிரவரைச் சற்றே கடந்தவர். அட்லாந்திக் பெருங்கடலிலிருந்து ஓயாது வீசும் காற்றினால் பெருமரங்கள் அங்கு அரிது. நிலக்கரியும் இல்லை. ஆனால், தீவின் பெரும்பகுதியைப் பீட் எனப்படும் சதுப்புக்கரி போர்த்தியுள்ளது. பாசியும் புல்லும் புதரும் நீர் தேங்கிய நிலத்தில் முழுதும் மக்காமல் படிந்து படிந்து உருவாவது பீட். அது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே உயரும் என்பர். அங்ஙனமாயின் ஓர் ஆள் இடுப்பளவு வெட்டியெடுக்கும் பீட், ஆயிரம் ஆண்டுச் செல்வமாகும்.

தீவு மக்கள் கோடையின் தொடக்கத்தில் அதனைச் செங்கல் வடிவில் வெட்டி, காற்றில் உலர்த்தி, அடுப்புக்குப் பயன்படுத்தினர். குளிர்காய்ந்ததும் அதிலே, சோறு சமைத்ததும் அதிலே, முளைகட்டிய பார்லியை உலர்த்தியதும் அதிலேயே. புகை தானியத்தில் ஏறியது. தானியத்திலிருந்து சாராயத்தில் ஏறியது. புகை மணத்தை வேண்டி அவர்கள் பீட் எரிக்கவில்லை. வேறு எரிபொருள் இல்லாமையால் எரித்தனர். ஆகவே, இன்று அருமை பாராட்டிப் பேசப்படும் இம்மணம், தோற்றத்தில் ஓர் இல்லாமையின் விளைவு.

புகையினுள் இருப்பன பீனால் வகைச் சேர்மங்கள். தாவரங்களின் விறைப்புக்குக் காரணமான லிக்னின் என்னும் பொருள் எரிந்து சிதையும்போது அவை தோன்றுகின்றன. குவயகால் என்பது விறகுப் புகையின் மணம் தருவது. கிரெசால் வகை மருந்துநெடி தருவது. இவற்றின் அளவைப் பத்துலட்சத்தில் இத்தனை பங்கு எனக் கணக்கிடுவர். ஆர்ட்பெக் பயன்படுத்தும் முளைதானியத்தில் ஏறத்தாழ 50 பங்கு. லப்ராய்க்கில் 40 முதல் 45. லாகவூலினில் 35 அளவு. போமோரில் 25 அளவு. புன்னஹாவனின் வழக்கமான வகையில் ஓரிரு பங்கே. இவை தானியத்தில் உள்ள அளவுகள். வடித்து முடிக்கும்போது பெரும்பகுதி கழிந்துவிடும் என்பதை மறவற்க.

வரி வகுத்த வரைபடம்

ஸ்காட்லாந்தில் சாராயம் வடித்தலைப் பற்றிய முதல் எழுத்துச் சான்று 1494-95ஆம் ஆண்டின் அரசுக் கருவூலக் கணக்கில் உள்ளது. ஜான் கார் என்னும் துறவிக்கு 'அக்வா வீட்டே' செய்வதற்காக எட்டுப் 'போல்' அளவு முளைதானியம் வழங்கியதாக அக்குறிப்புக் கூறுகின்றது. இலக்கியமோ சமயநூலோ அன்றி, ஒரு கணக்கேடு முதற்சான்றாய் நிற்பது பொருத்தமே. விஸ்கியின் வரலாறு பெரும்பாலும் கணக்கர் எழுதிய வரலாறு.

1609ஆம் ஆண்டில், தீவுகளின் குலத்தலைவர்களை அடக்குமுகமாக அயோனா விதிகள் இயற்றப்பட்டன. வெளியிலிருந்து மதுவும் சாராயமும் கொணர்ந்து தீவுகளில் விற்பதை அவை தடுத்தன. ஆயினும் வீட்டுப் பயனுக்காக வடித்துக்கொள்வதை விட்டுவைத்தன. வீட்டுத் தொழிலாக இது தீவுகளில் வேரூன்றியிருந்தமைக்கு இதுவே சான்று. 1644இல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் முதன்முறையாகச் சாராயத்துக்குத் தீர்வை விதித்தது. 1707இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒன்றான பின், 1725இல் முளைதானியத்தின்மீது வரி உயர்ந்தபோது கிளாஸ்கோ நகரில் கலகம் மூண்டது.

1784ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு புதுமை செய்தது. ஸ்காட்லாந்தின் குறுக்கே ஒரு கோட்டை வரைந்து, கோட்டுக்கு வடக்கே ஒரு வரி, தெற்கே வேறு வரி என வகுத்தது. வடபுலத்தார் சிறு வடிகலங்களில் வடித்தனர். தென்புலத்தார் பெருங்கலங்களில் விரைந்து வடித்தனர். வரி விதிக்க வரைந்த கோடு நாளடைவில் சுவையைப் பிரிக்கும் கோடாகவே மாறிற்று. இன்றும் சுவைஞர் 'மேட்டுநிலத்து விஸ்கி', 'தாழ்நிலத்து விஸ்கி' என்று பிரித்துப் பேசுகின்றனர். அப்பிரிவினையில் மண்ணியல் அறிஞர் வரைந்தது எவ்வளவு, தீர்வை அலுவலர் வரைந்தது எவ்வளவு என்பது எண்ணத்தக்கது.

மறைவாக வடித்தல் மிகுந்தமையால், 1823ஆம் ஆண்டுச் சட்டம் தீர்வையைக் குறைத்து, ஆண்டுக்குப் பத்துப் பவுன் உரிமக் கட்டணத்தில் முறையாக வடிக்க வழிசெய்தது. இன்று பெயர்பெற்ற தீவு வடிசாலைகள் பல இக்காலத்தையொட்டித் தோன்றியவையே. லப்ராய்க், ஆர்ட்பெக் ஆகியவை 1815ஐயும், லாகவூலின் 1816ஐயும், ஸ்கைத் தீவின் டாலிஸ்கர் 1830ஐயும் தம் தோற்ற ஆண்டாகக் கூறுகின்றன. போமோரும் ஆர்க்னியின் ஹைலண்ட் பார்க்கும் இன்னும் முற்பட்டவை. முறையே 1779, 1798 என்பர்.

அக்காலச் சட்டம் வடிசாலைக்குள் ஒரு பூட்டையும் கொண்டுவந்தது. வடிந்துவரும் சாராயம் கண்ணாடியும் பித்தளையும் கொண்ட ஒரு பெட்டியின் வழியே ஓடும். அதன் திறவுகோல் நெடுங்காலம் தீர்வை அலுவலரிடம் இருந்தது. வடிப்பில் முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி, நடுப்பகுதியை மட்டும் எடுக்கவேண்டும். எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதே தொழிலின் நுட்பம். புகைமணம் மிக்க பீனால்கள் வடிப்பின் பிற்பகுதியில்தான் மிகுதியாக வரும்; சற்று முன்னரே நிறுத்தினால் புகை குறையும், பின்னர் நிறுத்தினால் கூடும். இம்முடிவை வடிப்பவர் நாவால் சுவைத்துச் செய்ய இயலாது. பெட்டி பூட்டியிருக்கும். நேரத்தையும் வெப்பத்தையும் மிதவைமானியையும் கொண்டே அவர் முடிவு செய்தார். சுவைக்காமலே சுவையை உருவாக்கிய கைகள் அவை.

கடல் காத்த புகை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் ஸ்காட்லாந்துத் தலைநிலத்தில் இருப்புப்பாதை பரவிற்று. நிலக்கரியும் கோக்கும் எளிதில் கிடைத்தன. கோக்கினால் உலர்த்திய தானியத்தில் புகை ஏறாது. அதனால் தலைநிலத்து வடிசாலைகளில் பீட் புகை படிப்படியாகக் குறைந்தது. தீவுகளுக்கோ இருப்புப்பாதை இல்லை. நிலக்கரி சிறு நீராவிக் கப்பல்களில் கடல் கடந்து வரவேண்டும். காலடியில் பீட் கிடக்க, விலை கொடுத்து வாங்குவார் யார்? ஒரு காலத்தில் எங்கும் பரவியிருந்த புகைமணம், தலைநிலத்தில் மெலியத் தீவுகளில் நிலைத்தது. தொன்மை வழக்குகள் ஒதுக்குப்புறங்களில் எஞ்சுவது மொழி வரலாற்றில் நாம் காணும் உண்மை. நடுநிலத்தில் மறைந்த சொல் மலைநாட்டிலும் தீவிலும் வாழ்வதைப் போல இப்புகையும் வாழ்ந்தது.

இதே காலத்தில் வணிகத்திலும் மாற்றம் நேர்ந்தது. 1830இல் ஈனியாஸ் காஃபி என்பார் இடைவிடாது வடிக்கும் கலத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதில் மலிவான, மென்மையான தானிய விஸ்கி பெருகிற்று. 1860ஆம் ஆண்டுச் சட்டம், தீர்வை செலுத்துமுன்னரே பண்டகசாலையில் இருவகையையும் கலக்க இசைந்தது. கலவை விஸ்கி உலகெங்கும் பரவியது. தீவுகளின் புகைமணம் மிக்க விஸ்கி, அக்கலவைக்குச் சிறிதளவு சேர்க்கும் காயம் போலாயிற்று. 1880களில் பிரித்தானியத் தீவுகளின் வடிசாலைகளையெல்லாம் சுற்றிப் பார்த்து 1887இல் நூல் வெளியிட்ட ஆல்பிரட் பார்னார்ட், ஐலாவில் மட்டும் ஒன்பது வடிசாலைகளைக் கண்டார். அவை வடித்ததில் பெரும்பகுதி, தன் பெயரை இழந்து பிறர் பெயரிட்ட புட்டிகளில் கலந்தது.

ஓர் எதிரியின் ஆய்வு

நம் வினாவுக்கு நேரான ஆய்வு ஒன்றினை வரலாறு நடத்திவைத்தது. நடத்தியவர் அறிவியலார் அல்லர். சினங்கொண்ட ஒரு வணிகர்.

லாகவூலின் வடிசாலையின் தலைவரான பீட்டர் மக்கி, அண்டையிலுள்ள லப்ராய்க்கின் விஸ்கியை விற்கும் முகவராகவும் இருந்தார். 1907ஐ ஒட்டி அம்முகவுரிமை அவர் கையைவிட்டுப் போயிற்று. வழக்காடினார், பயன் இல்லை. லப்ராய்க்கை வாங்க இயலாவிடில் லப்ராய்க்கை உண்டாக்குவது என்று துணிந்தார். 1908இல் லாகவூலின் வளாகத்துக்குள்ளேயே மால்ட் மில் என்னும் சிறு வடிசாலையை எழுப்பினார். லப்ராய்க்கின் வடிகலங்களைப் போலவே கலங்கள் செய்வித்தார். லப்ராய்க்கில் தொழில் செய்தவரை அழைத்துக்கொண்டார். இரண்டிடங்களுக்கும் இடையே உள்ள தொலைவு மூன்று கிலோமீட்டர் அளவே. தீவு அதே தீவு. பீட் அதே தீவின் பீட். மழைநீரும் அதே மழைநீர்.

ஆயினும் வடிந்தது லப்ராய்க்காக இல்லை. நல்ல விஸ்கியாகவே இருந்தது; ஆனால் அது வேறு. மால்ட் மில் தன் வழியில் 1962 வரை இயங்கி மறைந்தது.

இவ்வாய்வு எதனைக் காட்டுகின்றது? தீவின் மண்ணே சுவையைத் தருமெனின் இரண்டும் ஒன்றாயிருத்தல் வேண்டும். கலத்தின் வடிவமும் கைத்திறனுமே தருமெனினும் ஒன்றாயிருத்தல் வேண்டும். இரண்டும் இருந்தும் சுவை வேறாயிற்று. எனவே, சுவை என்பது தனியொரு காரணத்தில் அடங்குவதன்று. சூளையில் தீ மூட்டும் முறை, புளிக்கும் நேரம், கலத்தை எவ்வளவு நிரப்புவது, ஆவியை எவ்வாறு குளிர்விப்பது, எங்கே வெட்டுவது ஆகிய பல சிறு வழக்கங்களின் கூட்டே சுவை. அக்கூட்டு ஓரிடத்தில் பல்லாண்டு பழகி உருவாவது. ஒருவர் விலைக்கு வாங்கிச் செல்லக்கூடியதன்று.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி 1960இல் ஸ்கைத் தீவில் நேர்ந்தது. நவம்பர்த் திங்களில் டாலிஸ்கர் வடிசாலையில் தீப்பற்றி வடிப்பறை அழிந்தது. அவர்கள் அதனைப் புதுமுறையில் கட்டவில்லை. பழைய வடிகலங்களின் அளவும் வளைவும் பிறழாதவாறு படி எடுத்தாற்போல் புதியன செய்து, 1962இல் மீண்டும் தொடங்கினர். கலங்கள் ஐந்து என்னும் எண்ணிக்கையைக்கூட மாற்றவில்லை. 1928 வரை அங்கு மும்முறை வடிக்கும் வழக்கம் இருந்தது. அவ்வழக்கம் போனபின்னும் அந்த ஒற்றைப்படை எண் நின்றது. மக்கி படி எடுத்தது பிறருடையதை. டாலிஸ்கரார் படி எடுத்தது தமதை. முன்னது அண்டையாரின் சுவையைக் கைப்பற்ற எண்ணியது. பின்னது தம் சுவையை இழவாமற் காத்தது.

ஒப்பிட்டுச் சுவைக்கும் முறை

சுவைஞர் இவ்வேறுபாடுகளை எவ்வாறு அறிகின்றனர்? நம் முன்னோர் சுவை ஆறு என்றனர். இனிப்பும் கைப்பும் புளிப்பும் அவற்றுள் உண்டு, புகை இல்லை. புகை நாவினால் அறியப்படுவதன்று, மூக்கினால் அறியப்படுவது. ஆதலின் விஸ்கியைச் 'சுவைத்தல்' என்பதில் பெரும்பகுதி முகர்தலே. அடி அகன்று வாய் குறுகிய, மொட்டுப் போன்ற கண்ணாடிக் கிண்ணத்தைப் பயன்படுத்துவது அதனால்தான். மணம் சிதறாமல் திரண்டு நிற்கும்.

நிறத்தைக் கண்டு முடிவு செய்யலாகாது. கருக்கிய சருக்கரை நிறம் சேர்க்கச் சட்டம் இடந்தருகின்றது. ஆதலால் கருநிறம் முதுமையின் அடையாளமென்று கொள்வது பிழை. முதலில் நீர் சேர்க்காமலும், பின் சிறிது நீர் சேர்த்தும் முகர்வர். நீர் சேர்த்தால் புகைமணம் மேலெழுவதைச் சுவைஞர் நெடுநாளாய்க் கூறிவந்தனர். 2017இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் கணிப்பொறி வழியே மூலக்கூறுகளின் நடத்தையைக் கணித்து, நீர் சேரும்போது குவயகால் நீர்மத்தின் மேற்பரப்பை நாடுகிறது என்று காட்டினர். அனுபவம் முன்னே சொன்னதை அறிவியல் பின்னே வந்து விளக்கியது.

ஒப்பிடுங்கால் ஒன்றை மாற்றி, ஏனையவற்றை ஒத்தனவாக வைத்துக்கொள்வதே முறை. மூன்று இணைகளைக் காட்டுவோம்.

முதலாவது, லாகவூலினும் கல் ஈலாவும். இரண்டும் ஐலாத் தீவின. இரண்டும் ஒரே நிறுவனத்தின. இரண்டுக்கும் 1973இல் தொடங்கப்பெற்ற போர்ட் எலன் முளைகட்டும் சாலையிலிருந்து ஏறத்தாழ ஒரே புகையளவுள்ள தானியம் சென்றது. ஆயினும் லாகவூலின் கனத்தது, செறிந்தது. கல் ஈலா மெலிந்தது, எலுமிச்சைச் சாயல் உடையது. கல் ஈலாவின் வடிகலங்கள் பெரியவை, உயர்ந்தவை. ஆவி செம்போடு நெடிது உறவாடிக் கனம் இழக்கின்றது. இங்கு வேறுபாடு கலத்தினது.

இரண்டாவது, லப்ராய்க்கும் ஹைலண்ட் பார்க்கும். இரண்டும் பீட் புகை ஏறியவை. ஆனால் ஆர்க்னித் தீவின் மேட்டுப் பீட்டில் ஹெதர் என்னும் குறும்புதர் மிகுதி. அப்புகை மென்மையானது, தேன்சாயலோடு இயைவது. ஐலாவின் புகையோ தாரும் மருந்தும் போல்வது. இங்கு வேறுபாட்டில் நிலத்துக்கும் பங்குண்டு. மண்ணின் சுவை என்பதற்குரிய உண்மையான சான்று இதுவே.

மூன்றாவது, தொடக்கத்திற் கண்ட லப்ராய்க்கும் புன்னஹாவனும். புன்னஹாவனும் அதே தீவின் புரூக்லாடியும் முன்னர்ப் புகை ஏற்றியே வடித்தன. 1960களின் தொடக்கத்தில் கலவை வணிகர் மென்சுவையை விரும்பினர். இவ்விரு வடிசாலைகளும் பீட்டைக் கைவிட்டன. இவ்வேறுபாடு நிலத்தினதும் அன்று, கலத்தினதும் அன்று, சந்தையினது.

கடற்காற்று பீப்பாய்க்குள் புகுந்து உப்புச்சுவை தருகின்றது என்பாரும் உளர். கேட்க இனிய கூற்று. ஆனால் கல் ஈலாவில் வடித்ததில் பெரும்பகுதி தலைநிலத்துப் பண்டகசாலைகளிலேயே முதிர்விக்கப்பட்டது. அதிலும் சுவைஞர் கடலைக் கண்டனர். பீட்டின் பீனால்கள் கடற்பாசியையும் துறைமுகத்துத் தாரையும் நினைவூட்டுவன. நினைவு தரும் கடலை நாம் நாவில் வைத்துப் பேசுகிறோம் போலும்.

மூடிய கதவுகள்

மண்ணே சுவையைத் தரும் என்னும் கூற்று ஒரு பெருங்குறையை மறைக்கின்றது. மண் இருந்தும் கதவு மூடினால் சுவை மறையும். 1970களில் அளவுக்கு மிஞ்சி வடித்துத் தேக்கிய விஸ்கி விற்காமற் போக, 1980களின் தொடக்கத்தில் நிறுவனங்கள் பல வடிசாலைகளை மூடின. ஆர்ட்பெக் 1981இல் நின்றது. புன்னஹாவன் 1982இல் நின்று 1984இல் மீண்டது. போர்ட் எலன் 1983இல் மூடப்பட்டது. அண்டைவீட்டாரும் உறவினருமாக ஒரே சாலையில் தொழில் செய்யும் சிறு தீவில் ஒரு வடிசாலை மூடுவது ஓர் ஆலை மூடுவது மட்டுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பதினைந்தாயிரம்வரை இருந்த ஐலாவின் மக்கள்தொகை, பஞ்சத்தாலும் நிலவுடைமை மாற்றத்தாலும் கடல்கடந்த குடியேற்றத்தாலும் முன்னரே சுருங்கிவிட்டிருந்தது. எஞ்சியோர்க்கு இருந்த பிழைப்புகளுள் இது தலையாயது.

மீட்சி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. கலவைக்குள் பெயரிழந்து கிடந்த மால்ட் விஸ்கி, தன் பெயரோடே விற்பனைக்கு வந்தது. 1988இல் ஒரு பெருநிறுவனம் ஸ்காட்லாந்தின் பகுதிகளைக் குறிக்கும் ஆறு மால்ட் விஸ்கிகளைத் தொகுத்து விற்றபோது, லாகவூலின் ஐலாவுக்கும் டாலிஸ்கர் ஸ்கைத் தீவுக்கும் உரியனவாய் நின்றன. எளிதில் விற்காது என ஒதுக்கப்பட்ட புகைமணமே, தனித்தன்மை எனப் போற்றப்பட்டது. ஆர்ட்பெக் 1997இல் புதிய உரிமையாளரிடம் உயிர்பெற்றது. புரூக்லாடி 2001இல் திறந்தது. 2005இல் கில்ஹோமன் தோன்றிற்று. ஐலாவில் 124 ஆண்டுகளுக்குப் பின் எழுந்த முதற் புது வடிசாலை அது. போர்ட் எலனில் 2024இல் மீண்டும் வடிப்புத் தொடங்கியது. நாற்பத்தோராண்டு மூடிக்கிடந்த கதவு அது.

2009ஆம் ஆண்டுச் சட்டவிதிகள், ஸ்காட்லாந்து விஸ்கிக்குரிய நிலப்பெயர்கள் ஐந்தினைக் காப்புக்குரியனவாக அறிவித்தன. அவற்றுள் ஐலா ஒன்று. ஆனால் ஸ்கையும் ஆர்க்னியும் ஜூராவும் மல்லும் சட்டத்தின் கண்ணில் தனிநிலம் அல்ல. அவை 'மேட்டுநிலம்' என்பதனுள் அடங்குவன. தீவு விஸ்கி எனச் சுவைஞர் வழங்கும் பிரிவு சட்டத்தில் இல்லை. மேலும், ஐலா என்னும் பெயருக்குப் புகை கட்டாயமும் இல்லை. அத்தீவில் வடித்திருத்தலே வேண்டுவது. சட்டம் இடத்தைக் காக்கின்றது, சுவையைக் காக்கவில்லை. சுவையைக் காப்பது அங்குள்ளோர் பொறுப்பாகவே விடப்பட்டுள்ளது.

முடிவுரை

தொகுத்து நோக்கின், தொடக்கத்தில் எழுப்பிய வினாவின் அமைப்பே குறையுடையது என்பது புலனாகும். மண்ணா, மாந்தரா எனப் பிரித்துக் கேட்டோம். மண் பீட்டைத் தந்தது. அதனை எரித்தவர் மாந்தர். தீவு தன் ஒதுக்கத்தால் பழமையைக் காத்தது. அதற்கு வழிவகுத்தது தலைநிலத்தில் ஓடிய இருப்புப்பாதை. வரியும் சட்டமும் கலத்தின் அளவையும் சாலையின் இருப்பையும் தீர்மானித்தன. சந்தை ஒருகால் புகையை நீக்கச் சொன்னது; பிறிதொருகால் அதனையே விலைகூட்டி வாங்கியது. இவ்வளவும் கூடியதே ஒரு கிண்ணத்து மணம்.

இதனை உணராது 'எல்லாம் மண்ணின் மாண்பு' என்று மட்டும் பேசுவோர், அம்மண்ணில் உழைத்தவரை மறந்தவராவர். 'எல்லாம் செய்முறை' என்று பேசுவோர்க்கு மக்கியின் மால்ட் மில் விடை கூறும். ஒரு பொருளின் சுவை ஓர் ஊரினதாவது, அவ்வூரார் அதனைத் தலைமுறை தலைமுறையாய்ச் செய்துகொண்டிருக்கும் வரையில்தான். பீட் ஆயிரம் ஆண்டு கிடந்து காத்திருக்கும். அதனை வெட்டவும் மூட்டவும் எங்கே நிறுத்துவதென அறியவும் வல்ல கைகள் ஒரு தலைமுறை இடைவெளியிலேயே மறைந்துவிடக்கூடும். ஊர்ப்பெயரோடு வழங்கும் எப்பொருளைக் காணினும், அவ்வூரின் மண்ணை நினைப்பதோடு அக்கைகளையும் நினைத்தல் கடன்.